கூரையைப் பூட்டிய திருகாணி

எங்கள் கருங்கல் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியில் தொடங்குவது ஒன்று. துலாம் மாதத்தில் இடியும் மின்னலுமாக வருவது மற்றொன்று. தெற்கே சில கிலோமீட்டர் போனால் மிடாலம், குறும்பனைக் கடற்கரை. அந்தக் காற்றிலே உப்பு கலந்திருக்கிறது. ஜன்னல் கம்பியும் கிணற்றுக் கப்பியும் சைக்கிள் சங்கிலியும் எங்கள் ஊரில் துருவுக்குத் தப்பிப் பிழைப்பதில்லை. சந்தைக்குப் புறப்படுகிறவர்கள் பணத்தை மறந்தாலும் குடையை மறக்கமாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளைக்குக் கூரையில்லாத மோட்டார் கார் வாங்க வேண்டும் என்று ஆசை பிறந்தது.

பிள்ளை வேறு யாருமில்லை, என் தங்கை மகன்தான். மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறான். கையிலிருப்பது மூன்று லட்சம் ரூபாய். புதிய கார் வேண்டாமாம், பழையதே போதுமாம். ஆனால் மேலே திறந்திருக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது, ஓட்டுகிறோம் என்ற நினைப்பு ஓட்டுகிறவனுக்கு வரவேண்டும். தங்கை என்னிடம் வந்து, "வீட்டுக்கு ஓடு மாத்த சேத்து வச்ச சிட்டிப் பணம் அண்ணா. அதக்கொண்டு இவன் கூரையில்லாத காறு வாங்கணும்னு நிக்கியான். நீங்க சொன்னா கேப்பான்" என்றாள். கதை எழுதுகிறவனிடம் புத்தி சொல்லச் சொன்னால் அவன் என்ன செய்வான்? எனக்கு அந்த ஆசையின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. மூன்று லட்சத்தோடு திறந்த கார் தேடிப் புறப்பட்டால் நம் நாட்டில் எங்கே போய் நிற்போம் என்று விசாரித்தேன். விசாரணை இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரம் வரைக்கும் போய், வண்டலூர் வழியாகத் திரும்பி, மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றது.

கூரையில்லாத கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டு என்றுதான் நாமெல்லாரும் நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்! கதாநாயகி தலையில் பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு, காற்று பறக்கப் பாடிக்கொண்டு போவாள். ஆனால் ஆரம்பத்தில் விஷயம் நேர்மாறாக இருந்தது. மோட்டார் கார் என்று ஒன்று தோன்றியபோது எல்லாக் காரும் திறந்த கார்தான். குதிரை வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பூட்டினார்கள், மழைக்கு ஒரு துணி மறைப்பு, அவ்வளவுதான். சென்னையில் சிம்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றை இங்கேயே செய்து ஓட்டினாரே, அந்தக் காலத்தில் காரில் போகிறவர்கள் தூசியைத் தின்றுகொண்டுதான் போனார்கள். நான்கு பக்கமும் அடைத்துக் கண்ணாடி வைத்துக் கூரை போட்ட கார், தச்சனும் கொல்லனும் வர்ணம் பூசுகிறவனும் வாரக்கணக்கில் உழைத்துச் செய்யவேண்டிய பண்டம். பிரபுக்கள் மட்டும் வாங்கினார்கள்.

அமெரிக்காவில் 1919ஆம் வருஷம் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927ல் பத்தில் எட்டுக்கு மேல் மூடிய கார். எட்டே வருஷத்தில் உலகம் தலைகீழாகிவிட்டது. ஹட்ஸன் கம்பெனியார் எஸ்ஸெக்ஸ் என்ற பெயரில் விற்ற மூடிய வண்டிக்கு முதலில் 1,495 டாலர் விலை வைத்தார்கள். அதே வண்டி திறந்ததாக இருந்தால் முந்நூறு டாலர் குறைவு. 1925ல் மூடியது 895 டாலர், திறந்தது அதைவிட ஐந்து டாலர் கூடுதல்! தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற பெரிய இயந்திரங்களும், சீக்கிரம் உலர்கிற டுகோ வர்ணமும் வந்து சேர்ந்ததுதான் காரணம். அந்த ஐந்து டாலர்தான் என்னைக் கவர்ந்தது. அன்றைக்கு வரை ஏழையின் தலைவிதியாக இருந்த வெயிலும் காற்றும் அன்றுமுதல் காசு கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டன.

அப்படிக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்காக இங்கிலீஷ்காரர்கள் சின்னச் சின்னத் திறந்த கார்களைச் செய்தார்கள். ஆக்ஸ்போர்டில் மாரிஸ் கராஜ் என்ற கடையின் நிர்வாகியாக இருந்த செஸில் கிம்பர் என்பவர், சாதாரண மாரிஸ் காரின் உறுப்புகளை எடுத்து மேலே அழகான பாடியைப் பூட்டி எம்.ஜி. என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945லேயே எம்.ஜி. டி.சி. என்ற வண்டி வெளிவந்தது. 1250 சி.சி. எஞ்சின், பத்தொன்பது அங்குலக் கம்பிச் சக்கரம், இரண்டு பேர் உட்காரலாம். நாலு வருஷத்தில் பத்தாயிரம் வண்டி செய்தார்கள். யுத்தக் கடனை அடைக்க டாலர் வேண்டும், ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் இரும்பு என்று பிரிட்டிஷ் சர்க்கார் சொல்லிவிட்டதால் அவற்றில் பெரும்பகுதி கடல் கடந்தது. அந்தக் காரின் பாடிக்குள்ளே இருப்பது மரச்சட்டம் என்பது பலருக்குத் தெரியாது. ஆஷ் மரத்தில் சட்டம் கோத்து அதன்மேல் தகடு போர்த்தியிருப்பார்கள். எங்கள் ஊருக்கு அப்படி ஒன்று வந்திருந்தால் துருவும் சிதலும் பங்கு போட்டுக்கொண்டு தின்றிருக்கும். ஒரு சௌகரியமும் உண்டு. மெக்கானிக் கைவிட்டால் ஆசாரியைக் கூப்பிடலாம்.

இந்தியாவில் இத்தகைய கார்கள் யாரிடம் இருந்தன? தேயிலைத் தோட்டத்துத் துரைமார், பட்டாள அதிகாரிகள், சென்னை பம்பாய்க் கம்பெனிகளின் உத்தியோகஸ்தர்கள், சமஸ்தானாதிபதிகள். சுதந்திரம் வந்தது, துரைமார் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள், கார்கள் கைமாறின. அப்போது வாங்கியவர்கள் பாக்கியசாலிகள். அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. 1953ல் தீர்வைக் கமிஷன், இந்த நாட்டிலே உறுப்புகளைச் செய்யும் திட்டம் இல்லாமல் வெளியிலிருந்து வந்த துண்டுகளைப் பூட்டி மட்டும் விற்கிற கம்பெனிகளுக்கு இடமில்லை என்று சிபாரிசு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் மூட்டையைக் கட்டின. மிஞ்சி நின்று கார் செய்தவை மூன்று: கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரிமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். மூன்றின் பட்டியலிலும் விளையாட்டுக் கார் கிடையாது. பால் பவுடருக்கும் கோதுமைக்கும் அந்நியச் செலாவணி தேடிக்கொண்டிருந்த தேசத்தில் அது இருக்கவும் நியாயமில்லை.

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 1956 நவம்பர் முதல் தேதி வரைக்கும் திருவிதாங்கூர், திருக்கொச்சி ராஜ்யப் பிரஜைகள். நல்ல ரோட்டுக்கு எங்கள் நாட்டில் பஞ்சமில்லை. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி திருவிதாங்கூர் சர்க்காரே பஸ் ஓட்டத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து ஸ்தாபனத்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஸால்டர் என்ற துரை அதற்குத் தலைவர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ரோட்டில்தான் முதல் பஸ்கள் ஓடின. ஆகவே எங்கள் ஜனங்களுக்கு மோட்டார் என்றால் பஸ்; பஸ் என்றால் கூரை. கார் வைத்திருந்தவர்கள் டாக்டர்களும் வக்கீல்களும் தோட்டக்காரர்களுமான சிலர். அவர்களுக்கும் குடும்பத்தோடு திருவனந்தபுரம் போய்வர ஒரு வண்டி வேண்டியிருந்ததே தவிர, தலைமயிர் பறக்க வேண்டும் என்ற அவசியம் இருக்கவில்லை.

இனி கவெண்ட்ரி.

அங்கே 1903ல் மாட்ஸ்லே என்பவர் தொடங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. யுத்தத்தின் கடைசியில் அது நொடித்துப்போன ட்ரையம்ஃப் கம்பெனியை விலைக்கு வாங்கியது. ஸ்டாண்டர்ட் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் உயர்ந்த தரம் என்று அர்த்தம். 1950களில் அதற்கே, அலங்காரம் ஒன்றுமில்லாத சாமானியச் சரக்கு என்று அர்த்தம் வந்துவிட்டது. அதனால் இங்கிலாந்தில் அவர்கள் மெல்ல ட்ரையம்ஃப் என்ற பெயருக்கு மாறிக்கொண்டார்கள். நம் நாட்டில் அந்தச் சங்கடம் எதுவும் இல்லாததால் ஸ்டாண்டர்ட் கடைசிவரையில் ஸ்டாண்டர்டாகவே இருந்தது.

1953ல் அவர்களுக்கு ஒரு இடி விழுந்தது. அவர்களுடைய கார்களுக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பெரிய தகட்டுத் தொழிற்சாலையை, போட்டிக் கம்பெனியான பி.எம்.ஸி. வாங்கிவிட்டது. புதிய காருக்குப் பாடி அடித்துத்தர முடியாது என்ற பதிலும் வந்தது. அந்தக் காலத்துக் கார்களெல்லாம் தனிச் சேஸிஸை விட்டுவிட்டு, பாடி முழுவதையும் ஒரே கூடாக வெல்டு செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்குப் பிரம்மாண்டமான அச்சு இயந்திரங்கள் வேண்டும். அவை இப்போது எதிரியின் கையில். ஸ்டாண்டர்ட் கம்பெனியின் தலைமை இஞ்சினீயர் ஹாரி வெப்ஸ்டர் என்ன செய்தார்? பத்து வருஷம் பின்னோக்கிப் போனார். பழைய நாளைப்போலத் தனியாக ஒரு சேஸிஸ் செய்வது. அதன்மேல் மூக்கு, நடுப்பாகம், பின்பாகம், கூரை என்று பாடியைத் துண்டு துண்டாகச் சின்னப் பட்டறைகள் பலவற்றில் அடித்து வாங்குவது. எல்லாவற்றையும் திருகாணியால் பூட்டுவது. உருவத்தை வரைந்துகொடுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜோவான்னி மிக்கெலோட்டி. தரித்திரத்துக்குத் தைத்த ஒட்டுச்சட்டை என்று தோன்றாதபடி அந்த மனிதர் அதைக் கூர்மையான மடிப்புகளோடு புதுமோஸ்தராக்கிவிட்டார். 1959 ஏப்ரல் மாதம் லண்டனில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது.

துண்டு துண்டாகப் பூட்டுவதில் குறைகள் இல்லாமலில்லை. இணைப்புகள் வழியாகத் தண்ணீர் கசியும்; கொஞ்ச நாளில் கிறீச்சென்று சத்தம் போடும். இதைப்பற்றி இங்கிலாந்தில் நிறையப் பரிகாசம் செய்திருக்கிறார்கள். ஆனால் எதிர்பாராத லாபங்கள் இரண்டு கிடைத்தன. உறுப்புகளைப் பெட்டியிலே அடுக்கி எந்த தேசத்துக்கும் அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ளலாம் என்பது முதலாவது. கூரையும் ஒரு தனித் துண்டுதானே. அதைப் பூட்டாமல் விட்டால் திறந்த கார் ஆகிவிடும் என்பது இரண்டாவது. 1960லேயே கம்பெனியார் துணிக்கூரை போட்ட ஹெரால்டை விற்றார்கள். அதே சேஸிஸைச் சற்றே குறுக்கி, மிக்கெலோட்டியைக் கொண்டே இரண்டு பேர் உட்காரும் விளையாட்டுக் கார் ஒன்றுக்கு மாதிரியும் செய்தார்கள். கையில் பணமில்லாமல் அதை ஒரு மூலையில் தள்ளித் துணியைப் போர்த்திவிட்டார்கள். 1961ல் லேலண்டு கம்பெனி இவர்களை வாங்கியபோது, தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த ஸ்டான்லி மார்க்லண்ட் என்ற லேலண்டு அதிகாரி அந்தத் துணியை விலக்கிப் பார்த்து, இதைச் செய்யலாமே என்றாராம். 1962ல் அது ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் வெளிவந்தது. 1980 வரையில் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த ஸ்பிட்ஃபயரின் கூடப்பிறந்த அண்ணன்தான், 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்யப்பட்டது. 948 சி.சி. எஞ்சின். முன்பக்கத்து மூக்கும் மட்கார்டும் ஒரே துண்டாக முதலை வாயைத் திறப்பதுபோல் முன்னால் சாயும்; மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். இருபத்தைந்து அடிக்குள்ளே வட்டமடித்துத் திரும்பும். கருங்கல் சந்தை முக்கில், வாழைக்குலை ஏற்றிய டெம்போக்களுக்கு நடுவே காரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த இருபத்தைந்து அடியின் மகிமை தெரியும்.

நம்மவர்கள் கூரையைக் கழற்றக் கற்றுக்கொள்ள நெடுநாள் ஆகவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்தகாலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953ல் ஏற்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் வரும்வரைக்கும் தென்னாட்டில் மோட்டார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். பெரிய மனிதர்கள் சீமைக் கார்களை ஓட்டினார்கள். அவ்வளவு வசதியில்லாதவர்கள் ஹெரால்டையும் ஃபியட்டையும் கொண்டுவந்து, பாரத்தைக் குறைத்து, ஓட்டினார்கள். பந்தயத்துக்குப் போகாதவர்கள் வேறு காரியங்களுக்குக் கழற்றினார்கள். நான் சிறுவனாக இருந்தபோது கல்யாண ஊர்வலம் ஒன்றில் கூரையில்லாத ஹெரால்டைப் பார்த்தேன். மாப்பிள்ளை பின்சீட்டின் முதுகுமேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் பிடிக்க ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். தேர்தல் வந்தால் அபேட்சகர் அதில் நின்றபடி கும்பிடுவார். நாட்டிலே திறந்த கார் செய்பவர் யாருமில்லாத அந்த வருஷங்களில், ஒரு ஸ்பானரும் இரண்டு ஆள் கைபலமும் இருந்தால் போதும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கும் ஆகாசம் தெரியும். கவெண்ட்ரியில் ஒருவருக்குத் தகடு அடித்துத்தர ஆளில்லாமல் போனதன் பலன் இது.

இந்தக் கதையையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன். அவன் சரித்திரத்தைக் கேட்டுக்கொண்டு, "அப்போ ஹெரால்டே பாக்கலாம் மாமா" என்றான். எம்.ஜி.யை மறந்துவிட வேண்டியதுதான். அவை இப்போது ரத்தினக் கற்களைப்போல் சேகரிக்கிறவர்கள் பெட்டகத்தில் இருக்கின்றன. பெங்களூரில் சான் என்ற கம்பெனியார் 1990களின் கடைசியில் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட்டுத் திறந்த காரைச் செய்தார்கள். ரெனோவின் 1149 சி.சி. எஞ்சின், கண்ணாடியிழைப் பாடி. துருப்பிடிக்காத பாடி என்பதனால் எங்கள் ஊருக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் செய்த எண்ணிக்கை குறைவு. விற்பனைக்கு வந்திருந்த ஒன்றுக்குச் சொன்ன விலை எங்கள் மடியில் இருந்ததைவிட அதிகம். ஜிப்ஸியும் ஜீப்பும் திறந்த வண்டிகள்தாம். ஆனால் அவற்றை விளையாட்டுக் கார் என்று சொன்னால் ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஹெரால்டுகள் இரண்டு கிடைத்தன. ஒன்று எப்போதோ கூரையைக் கழற்றிக் கான்வாஸ் போட்டது. சிவப்பு வர்ணம், கண்ணைப் பறித்தது. மற்றது 1966ஆம் வருஷத்து இரண்டு கதவு வண்டி. கூரை அப்படியே இருந்தது. நிறம் என்னவென்று சொல்வது கஷ்டம். மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த வயதான மேஸ்திரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். எல்லாரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆசான் வர்ணத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் சாக்கை விரித்துப் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளைக் குத்திப் பார்த்தார். ஹெரால்டில் பாடிக்கு பலம் கொடுப்பது அதன் தகடல்ல, சேஸிஸ். அந்தச் சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள்மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரும் சேறும் தங்கித் துரு பிடிப்பதும் அந்தக் கைகளில்தான். அழகான பட்டி பூசி வர்ணம் அடித்தால் மேலே எதுவும் தெரியாது. பிறகு பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவின் இடுக்கைக் கவனித்தார். சிவப்பு வண்டியில் கதவின் மேல் இடுக்கு ஒரு விரல் அளவு குறுகியது. கூரை இருக்கும்போது அதுவும் கொஞ்சம் தாங்கும். எடுத்துவிட்டால் நடு முறியும் என்று காட்டினார். கம்பெனியே செய்த திறந்த ஹெரால்டில் கதவுத் தூணுக்கு உள்ளே பலம் கூட்டியிருக்கும். வீட்டில் கழற்றியவர்கள் அதையெல்லாம் யோசித்திருக்க வேண்டுமே!

அப்புறம் ஒருவனை கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி எஞ்சினின் முன்புறக் கப்பி அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தால் உள்ளே கிராங்க்கைத் தாங்கும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அவை விழுந்தால் எஞ்சின் போயிற்று. முன்சக்கரத்தின் அடியில் வெண்கலத்தால் ஒரு முட்டு இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அதில்தான் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது கெட்டியான கியர் ஆயில். விஷயம் தெரியாதவர்கள் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல் முட்டு இறுகி, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கும். "ஆயிலா கிரீஸான்னு கேளுங்க சாரே. கிரீஸ்னு சொன்னா வண்டிய வாங்காதீங்க" என்றார் ஆசான். அந்த ஒரு கேள்வியில் பழைய உடைமைக்காரருடைய லட்சணம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போடவேண்டும் என்பதையும், பின்சக்கரங்கள் பட்டை ஸ்பிரிங்கில் தனித்தனியே ஊசலாடுவதால் வேகமாக வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்புறம் தூக்கிக்கொள்ளும் என்பதையும் மருமகனுக்கு இரண்டு தரம் சொன்னார்.

சிவப்பு வண்டியின் விலை குறைவு. அடிப்பகுதிக்கு வேலை செய்தாலும் பணம் மிஞ்சும். பையன் மனம் அங்கேதான் இருந்தது. ஆசான் அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி என் கையில் கொடுத்தார். அதில் மூடிய சலூன் கார் என்றுதான் எழுதியிருந்தது.

இங்கேதான் சரித்திரம் குறுக்கே வந்து நிற்கிறது. பழைய 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், வண்டியை மாற்றினால் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லியது. தெரிவித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! 1988ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இன்னும் கடுமை: ஆர்.சி.யில் கண்ட விவரங்கள், செய்த கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. கூரை அறுத்த கார் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தகுதிச் சோதனைக்கு நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பதினைந்து வருஷம் கழிந்த வண்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய் நின்றே ஆகவேண்டும்.

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் இன்னொரு விதி செய்தது. முதன்முதலில் பதிவாகி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் வண்டி என்று தனியாகப் பதியலாம், புதிய பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய் கட்டணம், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் பழைய கார்களின் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். தினம் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. அதற்கும் ஒரு நிபந்தனை: வண்டி பூர்வ ரூபத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக்கூடாது. நிறம் தெரியாத அந்த 1966 வண்டி இந்தக் கணக்கில் தேறிவிடும். இந்நாட்டில் நடுத்தரத்தார் விளையாட்டுக் கார் என்று எதைச் சொன்னார்களோ, அந்தச் சிவப்பு வண்டி தேறாது. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ரோட்டில் நடக்கிறவர்களின் உயிரும் இருக்கிறதே. என்றாலும், பழமையைப் பாதுகாக்க எழுதிய விதி, நம்மவர்கள் கையாலே செய்த பழமையை மட்டும் ஒதுக்கிவிடுகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. சோழவரத்தில் ஓடியவற்றில் எத்தனை வண்டிகள் பூர்வ ரூபத்தில் இருந்தன?

மருமகன் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு கூரை இருக்கிற வண்டியை இரண்டேகால் லட்சத்துக்கு முடித்தான். மிச்சம் எழுபத்தைந்தாயிரத்தில் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் ஓடு மாற்றிக்கொள்ளலாம் என்று தங்கை சம்மதித்தாள். கூரையைக் கழற்றமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். கண்ணாடி இரண்டையும் இறக்கிவிட்டுக்கொண்டு பாலூர் வளைவில் அவன் திரும்புவதைப் பார்த்தவர்கள் அவன் முகத்தில் குறை எதையும் காணவில்லை என்கிறார்கள்.

வண்டலூரில் 1972ல் ஹெரால்டை நிறுத்தி கஸெல் என்று ஒன்றைச் செய்தார்கள். அது 1977 வரையில் வந்தது. எட்டு வருஷம் கழித்து 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அது விற்கவில்லை, 1988ல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் ஹெரால்டுக்கு உதிரிப் பாகம் கிடைக்காது என்று பயப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், அங்கே இன்றைக்கும் பிறைவடிவ வாஷர் முதல் வெண்கல முட்டு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள், தபாலில் வரும். நாலு கதவு ஹெரால்டு வாங்குகிறவர்களுக்குத்தான் கஷ்டம். ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தது உலகத்திலேயே வண்டலூர்க்காரர்கள் மட்டும். அதன் பின்கதவு ஒன்று வேண்டுமென்றால் இன்னொரு நாலு கதவு வண்டியைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.